ஆர்டர் நோட்டு சொன்ன கணக்கு: இணையதள, விளம்பரச் சேவைகள் பற்றி ஒரு மதிப்புரை

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் செல்லும் வழியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய மரச்செக்கு ஒன்று உள்ளது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றை மட்டும் ஆட்டி விற்கிறோம். 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் இன்று வரை இரண்டு நிறுவனங்களிடம் இணையதள வடிவமைப்பையும் விளம்பரப் பணியையும் ஒப்படைத்திருக்கிறோம். முதல் நிறுவனத்துடன் பதினெட்டு மாதங்கள் இருந்தோம். இரண்டாவது நிறுவனம் இன்றும் எங்களுக்குப் பணி செய்கிறது. இரண்டின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. எங்களைப் போன்ற சிறு தொழில் செய்பவர்கள் இத்தகைய சேவையை எந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதை எங்கள் கணக்கைத் திறந்து வைத்துச் சொல்வதே இம்மதிப்புரையின் நோக்கம்.

முதல் நிறுவனம் இணையதளத்துக்கு 85,000 ரூபாய் வாங்கியது. அதன் பிறகு மாதந்தோறும் விளம்பரத்துக்கு 30,000 ரூபாயும், அந்தத் தொகையில் இருபது சதவீதமாக 6,000 ரூபாய் சேவைக் கட்டணமும் கொடுத்தோம். பதினெட்டு மாதங்களில், வரி நீங்கலாக, 7 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய் எங்கள் கையிலிருந்து சென்றது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் முப்பது பக்கத்துக்கு மேற்பட்ட ரிப்போர்ட் ஒன்று தவறாமல் வரும். எத்தனை பேரை விளம்பரம் சென்றடைந்தது, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள், பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் எத்தனை பேர் கூடினார்கள் என்று வண்ண வண்ணப் படங்களுடன் அதில் எல்லாம் இருக்கும். அந்த மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் புதிய வீடுகளுக்குப் போனது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருந்ததில்லை. முதல் ஆறு மாதங்கள் அந்தக் குறையை நாங்களே உணரவில்லை. எண்கள் மேலே ஏறுவதைப் பார்த்து மகிழ்ந்தோம் என்பதே உண்மை.

செக்கு எண்ணெய்த் தொழிலில் லாபம் மிக மெல்லியது என்பதை இவ்விடத்தில் விளக்க வேண்டும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும். ஆட்டும்போது கருப்பட்டியும் சேர்க்க வேண்டும். புண்ணாக்கு விற்று வரும் பணம் இல்லாவிட்டால் பல மாதங்களில் எங்களுக்குக் கையில் எதுவும் நிற்காது. ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் டின் ஒன்றை அனுப்பினால், பருப்பு, கூலி, மின்சாரம், டின், பெட்டி எல்லாம் போக மிஞ்சுவது சுமார் 300 ரூபாய். கூரியர் செலவை வாங்குபவரே ஏற்கிறார். நான்கு பேர் உள்ள குடும்பம் அந்த டின்னைத் தீர்க்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. ஆகவே, விளம்பரம் வழியாக ஒரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவர எவ்வளவு செலவாகிறது, அவர் மறுபடியும் வாங்குகிறாரா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியாமல், அந்த விளம்பரம் நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த விடையை எங்களுக்குக் கொடுத்தது எந்தக் கருவியும் அல்ல. என் அத்தையின் ஆர்டர் நோட்டு. 2022 ஜனவரி முதல், தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ இணையதளத்திலோ யார் ஆர்டர் கொடுத்தாலும், அனுப்புவதற்கு முன் அத்தை அவர்களைத் தாமே அழைத்து முகவரியைச் சரிபார்க்கிறார். அந்தப் பேச்சின் முடிவில், "ஏனுங்க, நம்ம செக்கப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டுப் பதிலை நோட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதிவிடுவார். பழைய வாடிக்கையாளர் என்றால் ‘ப’, சொந்தக்காரர் அல்லது நண்பர் சொன்னது என்றால் ‘சொ’, கைப்பேசியில் பார்த்தது அல்லது தேடியது என்றால் ‘கை’. நீலக் கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு அது. எண்ணெய்க் கை பட்டு ஓரங்கள் மங்கிய அந்த நோட்டுக்கும் பளபளக்கும் மாத ரிப்போர்ட்டுக்கும் இடையே இருந்த தூரம் 2022 தீபாவளியின்போதுதான் எங்களுக்கு முழுமையாகத் தெரிந்தது.

அந்த அக்டோபர் மாத ரிப்போர்ட்டில், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களால் 118 ஆர்டர்களும், கூகுள் விளம்பரங்களால் 94 ஆர்டர்களும் வந்ததாக எழுதியிருந்தார்கள். கூட்டினால் 212. ஆனால் அந்த மாதம் செக்கிலிருந்து மொத்தம் சென்றதே 151 ஆர்டர்கள்தான். அவற்றில் 83 பழைய வாடிக்கையாளர்களுடையவை. மீதமுள்ள 68 புதியவர்களில் 31 பேர் பிறர் சொல்லி வந்தவர்கள். 29 பேர் கைப்பேசியில் பார்த்தோ தேடியோ வந்தவர்கள். எட்டுப் பேருக்கு நினைவில்லை. அந்த 29 பேரிலும் ஆறு பேர், பொருள் வந்த பிறகு பணம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கதவருகே பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது 23 பேர். 36,000 ரூபாயை 23ஆல் வகுத்தால் ஒருவருக்கு 1,565 ரூபாய். அந்த வாடிக்கையாளருக்கு ஆறாவது டின் போகும்போதுதான், அதாவது ஏறத்தாழ பத்து மாதம் கழித்துத்தான், அவரைக் கொண்டுவந்த செலவே எங்களுக்குத் திரும்பும்.

நிறுவனம் பொய்க் கணக்கு எழுதியது என்று நான் சொல்லவில்லை. விளம்பரத் தளங்கள் கணக்கிடும் முறையே அப்படிப்பட்டது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவில் வழக்கமாக இருக்கும் அமைப்பின்படி, விளம்பரத்தை ஒருவர் தொட்ட ஏழு நாட்களுக்குள்ளோ, வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளோ வாங்கினால், அந்த விற்பனையை அந்த விளம்பரத்தின் பெயரில் எழுதிக்கொள்கிறது. கூகுளும் தன் வழியில் அதே விற்பனைக்கு உரிமை கொண்டாடுகிறது. ஆண்டுக்கணக்கில் எங்களிடம் வாங்கும் ஈரோட்டு ஆசிரியை ஒருவர், காலையில் இன்ஸ்டாகிராமில் எங்கள் படத்தைக் கடந்து சென்று, மாலையில் கூகுளில் எங்கள் செக்கின் பெயரைத் தட்டி, மேலே தெரிந்த விளம்பரத்தைத் தொட்டு வழக்கமான டின்னை ஆர்டர் செய்தால், இரண்டு தளங்களும் ஆளுக்கு ஒரு வெற்றியைப் பதிவு செய்யும். அத்தையின் நோட்டில் அது ‘ப’ என்ற ஓர் எழுத்து மட்டுமே. இதை வாடிக்கையாளருக்கு விளக்குவது நிறுவனத்தின் கடமை. நாங்கள் கேட்ட பிறகும் அந்நிறுவனம் விளக்கவில்லை. விளம்பரத் தொகையில் சதவீதமாகக் கட்டணம் வாங்குபவருக்கு, விளம்பரத்தைக் குறைக்கலாம் என்று சொல்வதில் என்ன நன்மை இருக்க முடியும்?

பெரிய நிறுவனங்களே இதில் பாடம் படித்திருக்கின்றன என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன். இணையச் சந்தை நடத்தும் ஈபே நிறுவனம் 2012ஆம் ஆண்டு, தன் பெயரைத் தட்டித் தேடுவோருக்குக் காட்டப்படும் விளம்பரங்களைச் சில தேடுதளங்களில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும், அதாவது 99.5 சதவீதம் பேர், கீழே இருந்த இலவச இணைப்பைத் தொட்டு வந்துவிட்டார்கள். பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனம் 2017இல் ஒரு காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் இணைய விளம்பரச் செலவைக் குறைத்தபோது, விற்பனையில் பெரிய மாற்றம் எதையும் காணவில்லை என்று அறிவித்தது. தன் தளத்தில் காணொளிகள் சராசரியாகப் பார்க்கப்படும் நேரத்தை இரண்டு ஆண்டுகளாக மிகைப்படுத்திக் காட்டிவந்ததை 2016இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அத்தனை நிபுணர்களை வைத்திருப்பவர்களுக்கே சோதித்துப் பார்க்காமல் உண்மை தெரியவில்லை என்றால், மாத ரிப்போர்ட்டை மட்டும் நம்பியிருந்த எங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

இணையதளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தளம் பார்க்க அழகாக இருந்தது. திறந்தவுடன் திரை முழுவதும் ஒரு காணொளி ஓடும். கட்டுமஸ்தான காங்கேயம் காளை ஒன்று செக்கைச் சுற்றி வரும். எங்கள் செக்கு மின்மோட்டாரில் ஓடுகிறது. எங்களிடம் காளை இல்லை. அது எங்கோ விலைக்கு வாங்கிய காட்சி. இதை எடுத்துவிடுங்கள் என்று இரண்டு முறை சொன்னோம். மக்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்ற பதிலே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. பின் இருக்கையிலிருந்து இறங்கிய சிறுமி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு, மாடு எங்கே என்று கேட்டாள். என் கணவர் அவளுக்கு மோட்டாரையும் பெல்ட்டையும் வாகை மரச் செக்கையும் சுற்றிக் காட்டினார். அவளுடைய தந்தை மரியாதையாகவே பேசினார், ஒரு லிட்டர் வாங்கினார், அதன் பிறகு வரவில்லை. எண்ணெய் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காளையைப் பற்றி உண்மை சொல்லாதவர்கள் எள்ளைப் பற்றி மட்டும் உண்மை சொல்வார்கள் என்று அவர் ஏன் நம்ப வேண்டும்? அந்தக் காணொளியால் கிடைத்த பார்வைகள் ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் இருந்தன. அதனால் இழந்த வாடிக்கையாளர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

அதே காணொளியின் எடை 14 எம்பி. சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எங்கள் ஊர்ச் சிக்னலில் முதல் பக்கம் முழுவதும் தெரியப் பதினொரு நொடி ஆனதை நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முக்கியமான உள்ளடக்கம் இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும், நான்கு நொடிக்கு மேல் போனால் மோசம் என்பது கூகுளே வகுத்திருக்கும் அளவு. விலை எங்கே என்று தேட மூன்று பக்கங்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. கூரியர் கட்டணமோ பணம் கட்டும் இடத்துக்குப் போன பிறகுதான் தெரியும்.

அவர்களை விட்டு விலகியபோதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய இடி விழுந்தது. எங்கள் தளத்தின் டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, அவர்களுடைய மின்னஞ்சலில், அவர்கள் பெயரில் பதிவு செய்யப்பட்டிருந்தது. விளம்பரக் கணக்கும், தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பதியும் வருகைப் பதிவுக் கணக்கும், கூகுள் மேப்பில் எங்கள் செக்கின் பக்கமும் அவர்கள் கையில் இருந்தன. டொமைனை மாற்றிக்கொள்ளத் தேவையான குறியீட்டை வாங்க ஏழு வாரம் ஆனது. அந்தப் பெயரை அச்சிட்ட நாலாயிரம் லேபிள்கள் அலமாரியில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அந்த ஏழு வாரமும் டின்களில் வெறும் தொலைபேசி எண்ணை ரப்பர் ஸ்டாம்பால் குத்தி அனுப்பினோம். பதினெட்டு மாத வருகைப் பதிவு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே, வடிவமைப்பு நிறுவனத்தைத் தேடுபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே, டொமைன் யார் பெயரில் இருக்கும், விளம்பரக் கணக்கின் உரிமையாளர் யார் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாம் உரிமையாளராக இருந்து அவர்களுக்கு அனுமதி தருவதுதான் முறை. அதை மறுக்கும் நிறுவனம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் வேண்டாம்.

2023 பிப்ரவரியில் இரண்டாவது நிறுவனத்துக்கு வந்தோம். மூன்றே பேர் கொண்ட சிறிய நிறுவனம். தளத்துக்கு 60,000 ரூபாய். மாதக் கட்டணம் நிலையாக 12,000. விளம்பரத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது ஏற்பாடு. முதல் சந்திப்பில் அவர்கள் கேட்டது எங்கள் நிறத்தையோ லோகோவையோ பற்றி அல்ல. ஒரு டின்னில் எவ்வளவு நிற்கிறது, வாடிக்கையாளர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறார், எத்தனை பெட்டி திரும்பி வருகிறது என்று கேட்டார்கள். அத்தையின் நோட்டைப் பார்த்ததும், அதை நிறுத்திவிடாதீர்கள், எங்கள் எண்களை அதோடு ஒப்பிட்டுத்தான் மாதாமாதம் பேசுவோம் என்றார்கள். கூகுளில் முதலிடம் பிடித்துத் தருவீர்களா என்று என் கணவர் கேட்டதற்கு, அப்படி உறுதி சொல்ல யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது என்று நேராகச் சொன்னார்கள். முந்தைய நிறுவனம் மூன்று மாதத்தில் முதலிடம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தது.

புதிய தளத்தில் காளை இல்லை. செக்கின் முன் நிற்கும் எங்கள் ஆட்களின் படமும், மோட்டாரில் ஓடும் மரச்செக்கு என்ற வரியும் உள்ளன. மூன்று எண்ணெய்களின் இன்றைய விலை முதல் திரையிலேயே தெரிகிறது. பின்கோடு போட்டால் கூரியர் கட்டணம் உடனே வருகிறது. கீழே வாட்ஸ்அப் பொத்தான். பழைய தளத்தின் கடைசி மாதங்களில் எங்கள் கைக்கு வந்த சில ரிப்போர்ட்டுகளின்படி, ஆயிரம் பேர் வந்தால் ஐந்து ஆர்டர் விழுந்தது; இப்போது பன்னிரண்டு விழுகிறது. இந்த உயர்வு முழுவதும் வடிவமைப்பால் வந்தது என்று சொன்னால் நானும் அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் போலாகிவிடுவேன். அதே காலத்தில் ஒரு லிட்டர் பாட்டிலையும் கூரியரில் அனுப்பத் தொடங்கினோம். தயங்குபவர்கள் சிறிய அளவில் வாங்கிப் பார்க்க அது வழிவிட்டது. இரண்டும் சேர்ந்த பலன் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

விளம்பரத்தில் அவர்கள் செய்த முதல் நல்ல காரியம் ஒரு விளம்பரத்தை நிறுத்தியதுதான். எங்கள் செக்கின் பெயரையே தட்டித் தேடுவோருக்குக் காட்டிய விளம்பரத்துக்கு மாதம் 4,000 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. நான்கு வாரம் நிறுத்திப் பார்த்தோம். நோட்டில் ஆர்டர்கள் குறையவில்லை. அன்றோடு அது போயிற்று. அடுத்து, 2024 ஜூன், ஜூலை மாதங்களில் ஆறு வாரத்துக்குச் சேலத்தில் மட்டும் விளம்பரம் காட்டி, திருச்சியில் முழுவதும் நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய ஆறு வாரத்தில் சேலத்திலிருந்து 22, திருச்சியிலிருந்து 24 ஆர்டர்கள் வந்திருந்தன. சோதனைக் காலத்தில் சேலம் 37 ஆனது, திருச்சி 26 ஆனது. விளம்பரத் தளம் சேலத்தில் 29 ஆர்டர்களைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. இரண்டு ஊரையும் ஒப்பிட்டால் உண்மையில் கூடியது பதின்மூன்று அளவில்தான். எண்கள் சிறியவை, இதை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாது என்பதை அவர்களே எங்களிடம் சொன்னார்கள். ஆனாலும் விளம்பரத் தளம் சொல்வதில் பாதிக்கும் குறைவாகவே நம்ப வேண்டும் என்ற தெளிவு எங்களுக்குக் கிடைத்தது. தங்கள் வேலையின் பெருமையைத் தாங்களே பாதியாகக் குறைத்துக் காட்டும் நிறுவனத்தின் மேல் நம்பிக்கையும் வந்தது.

ரிப்போர்ட்டில் ஏறாத ஒரு பலனையும் குறிப்பிட வேண்டும். மக்கள் என்ன தட்டித் தேடி எங்கள் தளத்துக்கு வருகிறார்கள் என்பதை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழிலும், தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது, நல்லெண்ணெய் அடியில் கசடு ஏன் நிற்கிறது என்றுதான் பலர் கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நாங்களே எளிய தமிழில் பதில் எழுதிக் கொடுத்தோம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு என்பதைப் படத்துடன் போட்டோம். முந்தைய மார்கழிகளில், கலப்படம் செய்துவிட்டீர்கள் என்று நாளொன்றுக்கு நான்கைந்து அழைப்புகள் வரும். இப்போது அந்தப் பக்கத்தின் இணைப்பை அத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார், டின் திரும்பி வருவது அநேகமாக நின்றுவிட்டது. வடிவமைப்பின் பயன் என்று நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இன்றைய நிலவரம் இது. விளம்பரத்துக்கு 11,000, கட்டணம் 12,000 என மாதம் 23,000 ரூபாய் செலவாகிறது. கடந்த மாதம் கைப்பேசி வழியாக வந்து, பொருளைப் பெற்றுக்கொண்டு, பணமும் கொடுத்த புதியவர்கள் 52 பேர். ஒருவருக்கு 442 ரூபாய். இரண்டாவது டின்னிலேயே செலவு திரும்பிவிடுகிறது. முன்பு புதியவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர்தான் மூன்று மாதத்துக்குள் மறுபடி வாங்கினார்கள். இப்போது முப்பத்தெட்டு பேர் வாங்குகிறார்கள்.

குறைகளும் உண்டு. அவசரமாக விலை மாற்றச் சொன்னால் இரண்டு நாள் ஆகிறது. எள் விலை ஏறும் வாரத்தில் இரண்டு நாள் என்பது எங்களுக்கு நேரடி நஷ்டம். அவர்கள் எழுதித் தரும் தமிழ், ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது போல் இருக்கும். சந்திப் பிழைகளுக்கும் குறைவில்லை. ஆகவே வாசகங்களை நானே எழுதுகிறேன். ஒருமுறை, விளம்பரம் பார்த்து விசாரித்து வரும் அழைப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று அவர்கள் கட்டணத்தை மாற்றலாமா என்று நாங்களே கேட்டு இரண்டு மாதம் நடத்திப் பார்த்தோம். அழைப்புகள் குவிந்தன, அவற்றில் பாதி வேலை கேட்பவர்களும் செக்கு இயந்திரம் விற்பவர்களும்தான். தவறு அவர்களுடையது மட்டும் அல்ல, எதற்குப் பணம் தருகிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும். பழைய நிலைக்கட்டணத்துக்கே திரும்பினோம்.

வரும் தை மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறோம். விலை மாற்றத்தைக் கேட்ட அன்றே செய்ய வேண்டும், அல்லது அதை நாங்களே செய்யும் வசதியைத் தளத்தில் தர வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். மூன்று மாதத்தில் மறுபடி வாங்குவோர் நூற்றுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டினால் கூடுதல் தொகை தருவதாகவும் எழுதியிருக்கிறோம். அதற்கான கணக்கு அத்தையின் நோட்டிலிருந்தே எடுக்கப்படும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான்காவது நோட்டு இந்த வாரம் தொடங்கியிருக்கிறது.